பெட்டியை மாற்றுமுன்…

நம் ஊர்ப் பேச்சில் ஒரு சொல் உண்டு. ‘போயிருச்சு’ என்பதே அது. மோட்டார் ஓடவில்லையா? போயிருச்சு. விளக்கு எரியவில்லையா? போயிருச்சு. காரில் வானொலி பாடவில்லையா? செட்டு போயிருச்சு! எது போயிற்று, எங்கே போயிற்று, எதனால் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு சொல்லோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது, தீர்ப்பும் வந்துவிடுகிறது. அதன்பின் மிஞ்சுவது பணத்தை எண்ணிக் கொடுப்பது ஒன்றுதான்.

கோடை மலைக்குப் போகும் சாலையில் ஒரு வாகன மின்சாரப் பட்டறை இருக்கிறது. கல்லூரி இல்லாத நாட்களில் அங்கே கைவேலைக்குப் போகிறேன். வேன்களும் ஜீப்புகளும் கார்களும் வரும். “தம்பி, செட்டு போயிருச்சு. புதுசு ஒண்ணு மாட்டணும்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் இறங்குவார். பட்டறை அண்ணன் எதுவும் பேசாமல் டெஸ்ட் விளக்கை என் கையில் கொடுப்பார். போனதாகச் சொல்லப்பட்ட அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை போகவே இல்லை என்பதை அங்கேதான் கண்டேன். நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதன்பிறகே மருந்தைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்னார். கார் வானொலிக்கும் அதே முறைதான். அந்த முறையை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாடகனும் அவன் தேவைகளும்

வானொலிப் பெட்டியை ஒரு பாடகனாக எண்ணிக்கொள்வோம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் அவனுக்குச் சோறு. எர்த் அவன் நிற்கும் தரை. ஏரியல் அவன் காது. ஸ்பீக்கர் அவன் வாய். இந்த நான்கும் பெட்டிக்கு வெளியே இருப்பவை. சோறு இல்லாமலும் பாட்டு நிற்கும். தரை சரிந்தாலும் நிற்கும். காது அடைத்தாலும், வாய் கட்டினாலும் நிற்கும். பாட்டு நின்றதுமே பாடகன் இறந்துவிட்டான் என்று சொல்லலாமா?

மேலும், வெளியே இருப்பவைதான் அதிகம் அடிபடுகின்றன. பெட்டி டேஷ்போர்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஏரியலோ வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. கதவு ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர், கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. எர்த் திருகு ஈரத்தில் துருப்பிடிக்கிறது. எனவே சோதனையை வெளியிலிருந்து உள்ளே கொண்டு போக வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும். நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் சொல்லித் தருவதும் இதுதானே!

முதலில் கேள்வி

கருவியைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பெட்டியில் வெளிச்சமே வரவில்லையா? வெளிச்சம் வந்தும் சத்தம் இல்லையா? பென் டிரைவ் பாட்டு நன்றாகக் கேட்டு, வானொலி மட்டும் வரவில்லையா? ஓடும்போது மட்டும் இரைச்சலா? ஒவ்வொரு முறை சாவியை அணைத்ததும் நிலையங்களை மறந்துவிடுகிறதா?

இந்தக் கேள்விகளுக்கு ஓட்டுநர் சொல்லும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பென் டிரைவ் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்றால் மின்சாரம், எர்த், ஸ்பீக்கர் மூன்றும் நலம். பார்க்க வேண்டியது முதலில் ஏரியல். நிலையங்களை மறக்கிறது என்றால், நினைவுக்கென்று எப்போதும் வரவேண்டிய மின்சாரம் வரவில்லை. கடைகளில் தனியாக விற்கும் பெட்டிகளில் பொதுவாக மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் மின்சாரத்துக்கு, சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினாலே பெட்டிக்கு மறதி வந்துவிடும். இரண்டு ஒயர்களை மாற்றிச் சொருகினால் தீர்ந்தது! ஆனால் வாகனத்தோடு வரும் ஒயர்களின் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆதலால் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புவதே முறை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: “அண்மையில் பேட்டரியைக் கழற்றினீர்களா?” சில வாகனங்களின் பெட்டி, பேட்டரி இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் இரகசிய எண்ணைக் கேட்டு நிற்கும். திருடனுக்குப் பயன்படாமலிருக்க வைத்த பூட்டு அது. அந்த எண், வாகனம் வாங்கியபோது தந்த தாள்களில் இருக்கும்; இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறலாம். பூட்டியிருக்கும் வீட்டைப் பாழடைந்த வீடு என்று சொல்லலாகாது.

சோறு வருகிறதா?

வெளிச்சமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். ஒன்று வாகனத்தின் ஃபியூஸ் பெட்டியில். மற்றொன்று பல பெட்டிகளில் முதுகுப்புறத்திலேயே சொருகியிருக்கும். 10 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று அதன்மேலேயே எண் இருக்கும். அதே எண்ணுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஓர் ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று பொருள். அப்போது அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள், காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர்கள். அடுத்து எரிவது ஃபியூஸாக இராது, ஒயராக இருக்கும்!

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பெட்டியின் பின்னால் உள்ள கப்ளரில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நிறைய மின்னேற்றமுள்ள பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்னேற்றுவதால் 13.8 முதல் 14.4 வரை பொதுவாகக் காட்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மீட்டர் 12 வோல்ட் காட்டிவிட்டால் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அது ஒயரிலிருந்து குடிப்பது ஒரு துளியினும் துளி. வழியில் ஓர் இணைப்பு அரித்துப்போய் அதன் தடை 1,000 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு அதனால் ஆகும் இழப்பு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. திரையில் 12 என்றே தெரியும். ஆனால் அந்த இணைப்பின் வழியாக 12 மில்லி ஆம்பியருக்கு மேல் ஒருபோதும் போகாது. ஓர் ஆம்பியர் கேட்கும் பெட்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பட்டறை அண்ணன் மீட்டருக்கு முன் டெஸ்ட் விளக்கைக் கொடுப்பதன் இரகசியம் இதுதான். 12 வோல்ட், 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். இணைப்பு நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும்; கெட்டிருந்தால் எரியாது, அல்லது மங்கும். சுமையைத் தூக்கச் சொன்னால்தானே ஆளின் பலம் தெரியும்!

ஓர் எச்சரிக்கை: மோதலின்போது விரியும் காற்றுப்பை உள்ள வாகனங்களில், மஞ்சள் உறை போர்த்த கப்ளர்களிலும் ஒயர்களிலும் டெஸ்ட் விளக்கையோ மீட்டரையோ வைக்கவே கூடாது. பெட்டியைக் கழற்றுமுன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

தரை சரியாக இருக்கிறதா?

எர்த்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டு வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் தந்தை பின்னிரவு 3 மணிக்கே எழுந்து, ஊர் ஊராகப் போய்ப் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய்ச் சேருவார். இருட்டில் தனி ஆள். பக்கத்தில் பேச யாருமில்லை. பென் டிரைவில் பழைய பாட்டு. விடிந்தபின் கோடை பண்பலை. அந்தப் பெட்டி அவருக்குப் பொழுதுபோக்கு அன்று. கண் மூடாமல் காக்கும் துணை.

சென்ற ஆண்டு அந்தத் துணை தடுமாறத் தொடங்கியது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாடும். கூட்டினால் அணைந்து, தானே மீண்டும் எரிந்து, மீண்டும் அணையும். வெளியூரில் ஒரு கடையில் காட்டினார். உள்ளே ஐ.சி. போய்விட்டது, புதுப்பெட்டிதான் போட வேண்டும், 4,500 ரூபாய் ஆகும் என்றார்களாம். அது எங்கள் வீட்டில் பத்து நாள் அடுப்பு எரியும் பணம். பெட்டி இல்லாமல் ஓட்டவும் அவருக்கு அச்சம்; வாங்கவும் அச்சம்.

“அப்பா, இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. எர்த்தை ஒரு தடவை பாத்துருவோம்” என்றேன்.

“அதையும் பாத்தாருடா அவரு. மீட்டரை வச்சாரு. நல்லா இருக்குன்னு அதுவே ‘கீ’ன்னு சத்தம் போட்டுச்சு.”

“சத்தம் போடும்ப்பா. ஆனா எவ்வளவு நல்லா இருக்குன்னு அது சொல்லாது.”

உண்மை அதுதான். இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது மீட்டர் எழுப்பும் அந்த ஒலி, பல மீட்டர்களில் சில பத்து ஓம் தடை இருந்தாலும் வந்துவிடும். வீட்டு ஒயரிங்குக்கு அது போதும். சத்தம் கூடும்போது பல ஆம்பியர் இழுக்கும் பெட்டிக்கு ஓர் ஓம்கூட அதிகம்.

எனவே வேறு வழியில் பார்த்தேன். பெட்டியைப் பாடவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெட்டியின் கறுப்பு ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வைத்தேன். எர்த் நன்றாக இருந்தால் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே வேறுபாடே இருக்கக் கூடாது, 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். குறைந்த சத்தத்திலேயே 0.6 காட்டியது! பெட்டி அப்போது இழுத்த மின்னோட்டம் 0.5 ஆம்பியர். 0.6ஐ 0.5ஆல் வகுத்தால் 1.2 ஓம். ஆக, எர்த் போகும் வழியில் 1.2 ஓம் தடை ஒளிந்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டும்போது பெட்டி 3 ஆம்பியர் கேட்டால் அந்த இடத்திலேயே 3.6 வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரியில் இருந்தது 12.4. பெட்டிக்குக் கிடைப்பது 8.8. அரை வயிற்றுக்குச் சோறு போட்டு உச்சத்தில் பாடு என்றால் எந்தப் பாடகன் பாடுவான்? சத்தத்தைக் கூட்டினேன். மீட்டர் 3 வோல்ட்டைத் தாண்டியது, பெட்டி அணைந்தது. கணக்கும் வேனும் ஒன்றையே சொல்லின.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு போனோம். அது வேனின் தரைத்தகட்டில், மிதியடிக்குக் கீழே ஒரு திருகில் முடிந்தது. திருகைச் சுற்றிலும் பழுப்புத் துரு. பூ வாடாமலிருக்க மூட்டைகளின்மேல் தெளிக்கும் தண்ணீர் வழிந்து வந்து மிதியடிக்கு அடியில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அந்தத் திருகைத் தின்றிருக்கிறது. உப்புத்தாளால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, புதிய முனை வைத்து, ஈரம் படாதபடி டேஷ்போர்டுக்குள் உள்ள உலோகச் சட்டத்தில் இறுக்கினோம். மீண்டும் அளந்தபோது 0.02 வோல்ட். சத்தத்தை முழுதும் கூட்டினோம். பெட்டி அசையவில்லை. ஒரு திருகு, ஒரு முனை, கால் தாள் உப்புத்தாள் – இவையே செலவு.

அப்பா நெடுநேரம் அந்தத் துருப்பிடித்த திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். “நமக்குச் சோறு போடுற பூவாலதான் இதுவும் வந்துச்சா?” என்றார். பிறகு, “இதைத்தான் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா. ஓம் விதின்னு பேரு. ஓம்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது.”

“பெரிய வீட்டுப் பிள்ளையோ?”

“இல்லப்பா. அவரோட அப்பா பூட்டுத் தொழிலாளி.”

ஜெர்மனி நாட்டின் எர்லாங்கன் நகரில் 1789இல் பிறந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். அவருடைய தந்தை பள்ளியில் முறையாகப் படித்தவர் அல்லர்; தாமே கற்று, தம் மக்களுக்கும் கற்பித்தவர். அந்தப் பிள்ளை 1827இல் வெளியிட்ட நூலில் இருந்த விதிதான், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, எங்கள் வேனின் மிதியடிக்குக் கீழே 1.2 ஓமைக் காட்டிக் கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ‘பிசிக்ஸ் படிச்சு என்ன செய்வே?’ என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவர் மனத்திலும் அந்தக் கேள்வி இருந்திருக்கலாம். அன்று பதில் கிடைத்ததுபோல் அவர் முகம் இருந்தது.

வாய் பேசுகிறதா?

வெளிச்சம் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கர் பக்கம் போக வேண்டும். முதலில் பெட்டியிலேயே இடம்–வலம், முன்–பின் என்று ஒலியை ஒதுக்கும் வசதி இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் எந்த மூலை ஊமை என்பது காசில்லாமல் தெரிந்துவிடும். ஒரு மூலை மட்டும் ஊமை என்றால் குற்றம் பெரும்பாலும் அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோதான்.

ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். பெட்டியிலிருந்து ஒயரைப் பிரித்துவிட்டு, அந்த 1.5 வோல்ட்டை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டுத் தொட்டு எடுத்தால் ‘டப், டப்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலித்தால் உயிர் இருக்கிறது. மீட்டரில் பார்த்தால், 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். அந்த 4 ஓம் என்பது மாறுமின்னோட்டத்துக்குச் சொன்னது. மீட்டர் அளப்பது சுருளின் கம்பித் தடையை. எனவே குறைவாகக் காட்டுகிறதே என்று திகைக்க வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அறுவது எதுவென்றால், கதவுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர்க் குழாய்க்குள் போகும் ஒயர். கதவை மெல்ல அசைத்தால் சத்தம் வந்து வந்து போகும், அதுவே அடையாளம்.

நான்கு மூலைகளும் ஒரே நேரத்தில் ஊமையானால் நான்கு ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் செத்தன என்று எண்ணுவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது. இக்காலப் பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலுமே பேட்டரியின் பாதியளவு மின்னழுத்தம், அதாவது சுமார் 6 வோல்ட் இருக்கும். இரண்டில் எதுவும் வாகனத்தின் உடலைத் தொடக் கூடாது. ஏதோ ஓர் ஒயர் தோலுரிந்து தகட்டில் உரசினால், பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள எல்லா ஒலியையும் நிறுத்திவிடும். ஸ்பீக்கர் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால், எதைப் பிரித்ததும் மற்றவை பாடுகின்றனவோ அதுவே குற்றவாளி.

காது கேட்கிறதா?

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. எங்கள் பக்கம் செல்வாக்குள்ளது கோடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலை. ஒளியின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் ஏரியல் கம்பி ஏன் முக்கால் மீட்டர் நீளத்தில் நின்றது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. மத்திய அலையில் 1,000 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 300 மீட்டர். அதற்கு அந்தக் கம்பி மிகச் சிறியது. ஏரியலிலோ அதன் கேபிளிலோ சிறு கோளாறு வந்தாலும் மத்திய அலை முதலில் மங்குவது அதனால்தான்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. ஏரியல் கேபிளைப் பெட்டியிலிருந்து உருவிவிட்டு, அந்தத் துளையின் நடுப்பகுதியில் 75 சென்டிமீட்டர் சாதாரண ஒயரைச் செருகி, மறுமுனையைச் சன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். நிலையங்கள் வந்துவிட்டால் பெட்டி நலம். ஏரியலோ கேபிளோதான் கெட்டது. கூரையில் சிறியதாக நிற்கும் இக்கால ஏரியல்கள் பலவற்றின் அடியில் ஒரு பெருக்கி இருக்கும். அதற்குப் பெட்டியிலிருந்து பொதுவாக நீல ஒயர் வழியாக 12 வோல்ட் போக வேண்டும். வேறு பெட்டி மாட்டும்போது அந்த ஒயரைச் சும்மா விட்டுவிட்டால் ஏரியல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

குற்றம் யாரிடமும் இல்லாத வேளையும் உண்டு. பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் பாறை குறுக்கே வந்தால் பாட்டு மறையும். அடுத்த வளைவில் தானே வரும். எனவே வெட்டவெளியில் நிறுத்திச் சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதுபோலவே, சிகரெட் லைட்டர் துளையில் சொருகிய மலிவான கைப்பேசிச் சார்ஜர் பண்பலையில் இரைச்சலைக் கொட்டும். அதைப் பிடுங்கிப் பார்ப்பதற்குச் செலவு ஏது?

இரைச்சல் எங்கிருந்து?

இரைச்சலின் கதை கார் வானொலியின் கதையளவு பழையது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் வானொலியை வெளியிட்டனர். அந்நாளைய கார் வானொலிக்குப் பெரும் பகையாக இருந்தது எஞ்சினின் பொறி. 1880களின் இறுதியில் ஹெர்ட்ஸ் மின்பொறியால்தான் மின்காந்த அலையை உண்டாக்கிக் காட்டினார். அப்படியானால் பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி ஹெர்ட்ஸ் நிலையம் அல்லவா? பிளக் ஒயர்களில் தடை வைத்தும், மறைப்பு வைத்தும் அந்த நிலையங்களின் வாயை அடைத்தார்கள். இன்றும் அந்தத் தடை கெட்டால் எஞ்சின் வேகத்தோடு ‘டிக் டிக்’ ஒலி கேட்கும். எஞ்சின் வேகம் ஏற ஏறக் குரல் உயர்ந்து ‘ஊய்’ என்று சீட்டியடித்தால் ஆல்டர்னேட்டரையும் எர்த்தையும் சந்தேகிக்க வேண்டும்.

இரைச்சல் வரும் வழியைக் கண்டுபிடிக்க, எஞ்சின் ஓடும்போது ஏரியலை உருவிப் பார்த்தால் போதும். இரைச்சல் நின்றால் அது காற்று வழியாகவோ ஏரியல் கேபிள் வழியாகவோ வந்தது. நிற்காவிட்டால் மின்சார ஒயரோ எர்த்தோ சுமந்து வந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் பெட்டியை மாற்றினால் புதுப்பெட்டியும் அதே சீட்டியைத்தான் அடிக்கும்.

உண்மையிலேயே போனால்…

எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியே என்று நான் வாதாடவில்லை. பெட்டிக்கும் சாவு உண்டு. கப்ளரில் டெஸ்ட் விளக்கு பளிச்சென்று எரிகிறது; எர்த்தில் இழப்பில்லை; ஸ்பீக்கர்கள் ‘டப்’ என்கின்றன; ஏரியலும் நலம்; நேரடியாக ஒரு நல்ல ஸ்பீக்கரை வைத்தாலும் ஊமை. கடைசிச் சாட்சியாக, நன்றாக இருக்கும் வேறொரு பெட்டியை அதே கப்ளரில் சில நிமிடம் மாட்டிப் பார்க்கிறோம், அது பாடுகிறது. இப்போது சொல்லலாம், பெட்டிதான் கெட்டது என்று. அப்போதும் உள்ளே விட்டுப்போன ஈயப்பற்றாக இருக்கலாம், மாற்றக்கூடிய ஐ.சி.யாகவும் இருக்கலாம். பழுது பார்க்கும் கூலியையும் புதுப்பெட்டியின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

ஒருமுறை மலைக்குச் செல்லும் ஜீப் ஒன்றில் இந்தச் சோதனை எல்லாம் செய்தும் பெட்டி எழவில்லை. ஓட்டுநர் புதியதை வாங்கினார். ஆனால் ஐயத்தோடு வாங்கவில்லை. “இனிமே மனசுக்குள்ள அரிப்பு இல்ல தம்பி” என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். சோதனை எப்போதும் பணத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கிற பணத்துக்குக் காரணம் தெரியும். அதுவும் ஒரு செல்வமே.

நண்பர்களே! அறிவியல் என்பது தேர்வுத்தாளில் முடிகிற பாடம் அன்று. ஒரு பொருளைக் குப்பையில் எறியுமுன் அதற்காக ஒரு கேள்வி கேட்கும் பொறுமையே அறிவியல். இரவில் தனியே வண்டி ஓட்டும் எத்தனையோ பேருக்கு அந்தச் சிறு பெட்டி துணை. அவர்களிடம் வீணடிக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. நம் கையிலோ அவர்கள் வியர்வையில் கிடைத்த படிப்பு இருக்கிறது. ஒரு மீட்டரும், ஒரு சிறு பல்பும், ஒரு பென்சில் பேட்டரியும், முக்கால் மீட்டர் ஒயரும் இருந்தால் அந்தப் படிப்பை அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

இனி யாரேனும் நம்மிடம் வந்து ‘போயிருச்சு’ என்று சொன்னால், ‘எது?’ என்று ஒரு வார்த்தை கேட்போம். பிறகு திருப்புளியை எடுப்போம்.